முகத்தைக் கட்டிப்போடாதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். நடிப்பு வகுப்பில் உன் ஆசிரியர், "உன் முகம் அளவுக்கு மீறி அசைகிறது, அடக்கு" என்றாராம். அன்றிலிருந்து நீ கண்ணாடி முன்னால் நின்று, புருவம் அசையாமல் வசனம் சொல்லிப் பழகுகிறாயாம். அந்த வரியைப் படித்ததும் அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

அந்த முகம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கும் எனக்கும் காது கேட்காது, நம் வீட்டில் சைகை மொழியில் கேள்வி கேட்பதே புருவத்தால்தான். கை மட்டும் அசைந்து முகம் சும்மா இருந்தால், நீ சொன்னதில் பாதிதான் எங்களுக்கு வந்து சேரும். நீ பேச்சு பழகுவதற்கு முன்பே எங்களோடு முகத்தால் பேசியவன்.

லான் சேனி என்ற மௌனப் பட நடிகரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் 1883 ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. பிள்ளைக்குக் கேட்கும், உன்னைப் போல. அந்த ஊரில் காது கேளாதவர்களுக்கான பள்ளி 1874-இல் உருவாகக் காரணமாக இருந்தவர்களே அவருடைய அம்மாவைப் பெற்றவர்கள்தான். அந்த அம்மா மூட்டுவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்டார். பிள்ளை நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டான். தெருவில் யார் எப்படி நடந்தார்கள், கடையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று தினமும் அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்று நடித்துக் காட்டுவானாம். அவர் நடிப்புப் படித்த இடம் அதுதான். கட்டிலில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு ஊரையே உள்ளே கொண்டுவர வேண்டும், அதுவும் சத்தமே இல்லாமல். உன் வகுப்பில் இதைவிடக் கடினமான பயிற்சி ஏதாவது தருகிறார்களா?

பிறகு வருஷக்கணக்கில் நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1913-இல் குடும்பத்தில் பெரிய துயரம் நடந்து, மேடையை விட்டு யுனிவர்சல் ஸ்டூடியோவில் சின்னச் சின்ன வேஷங்களுக்குப் போய்ச் சேர்ந்தார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள், வெளியேறினார். 1919-இல் 'தி மிராக்கிள் மேன்' படத்தில் கைகால் முடங்கியவனாக வேஷம் போடும் ஏமாற்றுக்காரனாக வந்தார், நாடே திரும்பிப் பார்த்தது. அந்தப் படத்தில் இன்று சில துண்டுகள்தான் மிச்சம். 1923-இல் அதே யுனிவர்சலின் பிரம்மாண்டமான படத்துக்கு அவர்தான் நாயகன்: 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோத்ர தாம்'. கோயில் மணி அடிக்கும் குவாசிமோடோவுக்கும் காது கேட்காது. சவுக்கடி வாங்கிக் கட்டுண்டு கிடப்பவனுக்கு எஸ்மெரால்டா என்ற பெண் தண்ணீர் கொடுக்கும் காட்சியை நீ பார்க்க வேண்டும். முதுகில் கூன், முகம் முழுக்கப் பூச்சு. அத்தனைக்கும் அடியிலிருந்து அந்த ஆளின் வெட்கம் தெரிகிறது.

எல்லோரும் அவருடைய ஒப்பனையைத்தான் புகழ்கிறார்கள். ஆயிரம் முகங்கள் கொண்டவர் என்று பட்டமே உண்டு. தன் வேஷங்களுக்குத் தானே ஒப்பனை போட்டுக்கொள்வார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு ஒப்பனை பற்றிக் கட்டுரையும் எழுதினார். இருந்தாலும் எனக்கு ஒப்பனை இரண்டாம் பட்சம்தான். 1925-இல் வந்த 'தி பாண்டம் ஆஃப் தி ஓபரா'வில் மண்டையோடு போன்ற அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் அலறினார்கள். கதாநாயகி அவர் முகமூடியைப் பிடுங்கும் முன்பு பார். முகம் தெரியாததால் விரல்களை வைத்தே கெஞ்சுகிறார், மிரட்டுகிறார். முகத்தின் வேலையைக் கைக்குக் கொடுக்க நம் போன்ற வீட்டில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது 1927-இல் டாட் பிரவுனிங் இயக்கிய 'தி அன்னோன்' பற்றி. சர்க்கஸில் காலால் கத்தி வீசும் அலோன்சோ, கை இல்லாதவன் போல நடிக்கிறான். உண்மையில் இரண்டு கைகளையும் உடம்போடு இறுக்கிக் கட்டி மறைத்திருக்கிறான். அவன் நேசிக்கும் நானோனுக்கு ஆண்களின் கை பட்டாலே அருவருப்பு. அவளுக்காகவும், தன் குற்றத்தை மறைக்கவும், ஒரு மருத்துவரை மிரட்டி இரண்டு கைகளையும் வெட்டிக்கொள்கிறான். கையை வெட்டிக்கொள்வது, ராசா! அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன், அன்று மேலே பார்க்க முடியவில்லை. மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன். அவன் திரும்பி வரும்போது நானோன் இன்னொருவனின் கைகளைத் தன்மேல் எடுத்து வைத்து, "இப்போது எனக்குப் பயமே இல்லை" என்கிறாள். அலோன்சோ சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, அப்படியே நீண்டு வேறொன்றாக மாறுகிறது. எந்த நொடியில் சிரிப்பு போய் வேதனை வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நானோனாக நடித்த ஜோன் கிராஃபோர்ட் அப்போது சின்னப் பெண். கேமரா முன்னால் நிற்பது வேறு, நடிப்பது வேறு என்று இவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டதாகப் பிற்காலத்தில் சொன்னார்.

முகம் அவ்வளவு அசைகிறது, ஆனால் எங்கேயும் சிந்தவில்லை. உன் ஆசிரியர் சொன்னதில் நியாயம் இருந்தால் அது இவ்வளவுதான்: எவ்வளவு, எப்போது என்று அளக்கப் பழகு. மரத்துப்போகப் பழகாதே. அசையாத முகத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். உன் முகம் இருபது வருஷம் எங்களோடு பேசிப் பேசி உருவானது, அதை நீ அழித்துவிட்டால் திரும்ப எங்கே போய் வாங்குவாய்?

அந்தக் காலத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் வரும் அதே எழுத்தைப் படித்து, ஒரே நேரத்தில் அழுதார்கள். பேசும் படம் வந்ததும் எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். சேனியும் பேசத் தயங்கினார். 1930-இல் 'தி அன்ஹோலி த்ரீ'யை மறுபடி எடுத்தபோதுதான் பேசினார், அதுவும் ஐந்து குரலில். அத்தனையும் தன் குரலே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது ஒன்றே அவர் பேசிய படம். அந்த ஆகஸ்ட் 26-இல் புற்றுநோயால் இறந்துபோனார், வயது 47. அந்தக் குரல்களை நீ கேட்டு எனக்குச் சொல், ஒவ்வொன்றாக, முகத்தில் காட்டிச் சொல்.

'தி அன்னோன்' பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடு. இசையெல்லாம் பிறகு சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், இந்த வாரம் உன் வகுப்பில் நடந்ததை அப்பாவுக்கு நடித்துக் காட்டு. ஆசிரியரையும் சேர்த்துத்தான். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே. போன வாரம் உன் கை தெரிந்தது, முகம் இருட்டாகவே இருந்தது.

அன்புடன்,
அம்மா