கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மழைக்குக் கறிவேப்பிலை துளிர்த்ததும், இலைமேல் குருவி எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டு பலரும் பூச்சிமருந்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. நான்கு முறை தோலுரித்து, கடைசிப் பருவத்தில் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும், கடிக்காது, கொட்டாது.

வளர்ந்த மரம் இந்தத் தீனியைத் தாங்கும், மீண்டும் துளிர்க்கும். முழங்கால் உயரக் கன்றைத்தான் மொட்டையாக்கிவிடும். அப்போதும் புழுவை விரலால் பிடுங்காதீர்கள். பட்டிழையில் இலையைப் பற்றியிருப்பதால் இழுத்தால் காயப்படும். இலையோடு கிள்ளி, பெரிய கறிவேப்பிலை மரத்தில் செருகுங்கள். எலுமிச்சையும் வில்வமும் இதற்கு உணவுதான். ஆனால் ஒரு செடியில் வளர்ந்த புழு சில நேரம் வேறு செடியின் இலையை மறுக்கும். பிள்ளைகள் டப்பாவில் வளர்ப்பதானால் சந்தைக் கறிவேப்பிலையைப் போட வேண்டாம். கழுவிய பின்னும் தங்கும் மருந்து புழுவைக் கொன்றுவிடும். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். கூட்டிலிருந்து வெளிவரும்போது இறக்கை விரியத் தொங்குவதற்கு ஒரு குச்சியும் வேண்டும். இல்லையேல் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா, தென்சீனம், ஜப்பானின் தென்தீவுகள் வரை பரவிய இனம் இது. அழிவு அபாயப் பட்டியலில் இல்லை. ஆனால் இதன் பெண்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நம் பகுதியில் ஒரு வகைப் பெண் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகி என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேடத்திலும், மூன்றாவது சிவப்புடல் அழகியின் வேடத்திலும் பறக்கும். அந்த இரண்டு அழகிகளின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி போன்ற செடிகளைத் தின்று நஞ்சேறியவை; வண்ணத்துப்பூச்சியான பின்னும் அந்த நஞ்சு உடலில் தங்கும். பறவைகள் ஒருமுறை தின்று பார்த்தால் மறுமுறை தொடுவதில்லை. வேடதாரியும் அதனால் தப்பிக்கிறது. உடலைப் பாருங்கள்: அசலுக்குச் சிவப்பு, போலிக்குக் கறுப்பு.

அசல் குறைந்த ஊரில் பறவைகளுக்கு அந்தப் பாடம் கிடைக்காது. போலியின் வேடம் பலிக்காது. கரிசல் நிலங்களில் ஆடுதீண்டாப்பாளையைக் களையென்று சொல்லிக் களைக்கொல்லி அடிக்கிறோம். பயிருக்குள் இருப்பதைப் பிடுங்கலாம். வரப்போரத்தில் நிற்பதை விட்டுவைக்கலாமே! ஆனால் மருந்தென்று நம்பி யாரும் இதை உண்ணக் கூடாது; இது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

தங்கள் வேளாண் பக்கத்தில் இந்தப் புழுவின் இரு பருவங்களையும், அசல், போலி இரண்டையும் அருகருகே படமாக வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள், மதுரை