ஆமை செத்தால் உடனே எறிந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புத் தொடர்மாடிகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளரும், காதோரம் சிவப்புக் கோடு உள்ள ஆமைக்குட்டி, இரவு இரை தின்றுவிட்டுக் காலையில் அசைவற்றுக் கிடக்கும். பிள்ளைகள் அழுவார்கள். "ஒரு ஆமைக்கா இந்த அழுகை?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். மத்தியானத்துக்குள் பொலித்தீன் பையில் போட்டுக் குப்பையோடு அனுப்பிவிடுவார்கள். பிறகுதான் நெஞ்சை அரிக்கும் கேள்வி வரும்: தண்ணீர் மாற்றாததாலா, கொடுத்த இரையாலா? பதில் அந்தப் பைக்குள்ளேயே போய்விட்டது.

முதலில், செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. ஒட்சிசன் இல்லாமல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும் பிராணி ஆமை. தண்ணீருக்கு அடியில் கிடந்திருந்தால், தலை கீழே இருக்கும்படி பிடித்து, கழுத்தை மெல்ல நீட்டி, வாயிலிருந்து தண்ணீர் வடிய விடுங்கள். பிறகு வயிறு கீழே இருக்கும்படி தரையில் வைத்து, முன்னங்கால் இரண்டையும் வெளியே இழுத்து உள்ளே தள்ளுங்கள். விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் ஆமையின் நெஞ்சு விரியாது. உள்ளிருக்கும் தசைகளாலும் கால் அசைவாலும்தான் நுரையீரலுக்குள் காற்று போய்வரும். கண்ணோரத்தைத் தொட்டாலும் பின்னங்காலைக் கிள்ளினாலும் அசைவே இல்லை, கால்கள் விறைத்துவிட்டன, கண் குழிந்துவிட்டது என்றால்தான் உயிர் போய்விட்டது என்று கொள்ளலாம். சந்தேகமானால் மிருக வைத்தியர் டொப்ளர் கருவியால் இதயத் துடிப்பைப் பார்ப்பார்.

ஏன் செத்தது என்று பிரேத பரிசோதனையில் அறிய வேண்டுமானால், இதற்குப் பிறகு நேரம்தான் முக்கியம். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் குடல் சில மணித்தியாலங்களிலேயே அழுகத் தொடங்கும். ஓடு மூடியிருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது. உடலை இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து, உணவுகளிலிருந்து விலக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகையில் வையுங்கள். மேலே உறைய வைக்கும் அறையில் வைத்தால் ஐஸ் கட்டிகள் கலங்களைக் கிழித்துவிடும். பிறகு நுணுக்குக்காட்டியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. 24 மணித்தியாலத்துக்குள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோவது நல்லது. கொண்டுபோகும்போது ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் வைத்தால் போதும். தொட்டித் தண்ணீரில் அரை லீற்றரைச் சுத்தமான போத்தலில் எடுங்கள். தொட்டிக்கு மேல் பொருத்திய மின்குமிழ் வாங்கிய திகதி, கொடுத்த இரை, கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள் இவற்றையும் எழுதிக் கொடுங்கள். கைகளைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஆமைகளிடமிருந்து சல்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி பரவும்.

கொழும்பில் மிருக வைத்தியர்கள் பெரும்பாலும் நாய், பூனைதான் பார்க்கிறார்கள். அதனால் முன்கூட்டியே தொலைபேசியில், ஊர்வனவற்றுக்குப் பிரேத பரிசோதனை செய்வீர்களா என்று கேளுங்கள். அவர் உடலைத் திறந்து, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்படாத உறுப்புத் துண்டுகளை, அவற்றைப் போல் பத்து மடங்கு அளவு 10 சதவீத போமலினில் (உறுப்புகளைக் கெடாமல் காக்கும் திரவம்) போட்டுத் தந்தாலே, அவற்றைச் சோதிக்க முடியுமா என்று பேராதனை மிருக வைத்திய பீடம் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். நஞ்சு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் ஈரலிலும் இரைப்பையிலும் ஒரு பகுதியை உறைய வைக்கச் சொல்லுங்கள். எல்லாப் பரிசோதனையும் விடை தராது. என்றாலும், "இது உங்கள் தவறல்ல" என்று ஒரு வைத்தியர் சொல்வது பெரிய ஆறுதல்.

திடீர் மரணம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி திடீரென்று வந்ததல்ல. நோயை மறைப்பது ஊர்வனவற்றின் இயல்பு. விற்றமின் ஏ குறைந்தால் இமை வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். ஒரு பக்கம் சாய்ந்தே மிதந்தால் பெரும்பாலும் நுரையீரல் கோளாறு. குளிரும் இதற்கு ஒரு காரணம் என்பதால், ஏசி அறையில் தொட்டி வைக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் வெளிச்சம் தருமே தவிர, கல்சியத்தை உடம்பில் சேர்க்கத் தேவையான யூவீபி என்ற புற ஊதாக் கதிரைத் தராது. சிறு கற்களை விழுங்கினால் குடல் அடைபடும். ஆண் துணை இல்லாமலே முட்டை உருவாகும். முட்டையிட மண் இல்லாத பெண் ஆமை, முட்டை உள்ளே சிக்கி இறக்கலாம். பல்கனியில் நிழலில்லாத சிறு தொட்டி ஏப்ரல் வெயிலில் கொதித்துவிடும். டெங்குப் புகை அடிக்கும் நாளில் தொட்டியை உள்ளே எடுத்து மூடுங்கள்.

அதே தொட்டியில் இன்னொன்று இருந்தால் உடனே வேறாக்குங்கள். பழைய தொட்டியைக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, பலமுறை அலசி, காயவையுங்கள். பிள்ளையைச் சமாதானப்படுத்த மறுநாளே கடைக்கு ஓட வேண்டாம். "தூங்குகிறது" என்றும் சொல்ல வேண்டாம். செத்துவிட்டது, ஏன் என்று பார்க்கக் கொண்டுபோகிறோம் என்று சொன்னால் பிள்ளைக்கு விளங்கும். மனம் வெறுத்து மீதியுள்ளதைப் பேர வாவியிலோ தியவன்னாவிலோ விட்டுவிடவும் கூடாது. இது நம் நாட்டு ஆமையல்ல. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் உள்ள ஒன்று.

ஊர்வன வளர்ப்போர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06