மூக்கு ஆபரேஷன் வீக்கம் ஒரு வாரத்துல போகாது, விளம்பரத்துல அதையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதுறேன். ஞாயித்துக்கிழமை பேப்பரோட வர்ற இணைப்புல மூக்கு அழகு சிகிச்சை விளம்பரம் இப்ப அடிக்கடி கண்ணுல படுது, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு போட்டோ, பின்னாடி ஒரு போட்டோ, கீழ ஒரே வாரத்துல வேலைக்குப் போகலாம்னு ஒரு வரி. ஒண்ணு ரெண்டு வாரத்துல வேலைக்குப் போறவங்க இருக்காங்க, அது பொய்யில்ல. ஆனா அந்த ரெண்டாவது போட்டோவுல இருக்கிற மூக்கு ஒரு வாரத்துல வராது சார், வீக்கம் முழுசா வடிஞ்சு வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகும், தோல் தடிமனா இருக்கிறவங்களுக்கு ஒன்றரை வருஷம் கூட இழுக்கும். அத மட்டும் யாரும் போடுறதில்ல.

என் தங்கச்சிக்கு சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்து மூக்குத்தண்டு கோணிப்போச்சு, வேலைக்குப் போய் சேத்த காசுல திருச்சியில பண்ணிக்கிட்டா. ஆபரேஷன் நல்லபடியாத்தான் நடந்துச்சு. கண்ணச் சுத்தி கருநீலமா கன்னிப்போனத பாத்து அம்மா அழுதாங்க, அது மஞ்சளாகி ரெண்டு வாரத்துக்குள்ள மறைஞ்சிடுச்சு. கஷ்டம் ஆரம்பிச்சது மூக்கு அசையாம இருக்க மேல வெச்சிருந்த ஸ்பிளிண்ட்ங்கிற கெட்டியான கட்ட எடுத்த பிறகுதான். மூக்கு முன்னைவிட அகலமா தெரிஞ்சுது, நுனி மேல தூக்கிக்கிட்டு தோல் இழுத்து பளபளன்னு இருந்துச்சு, தொட்டா மரத்துப்போன மாதிரி இருக்குன்னா, சிரிச்சா மேல் உதடு அசையல. இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான், ஆனா அப்படி வரும்னு புரியிற மாதிரி தமிழ்ல ஒரு தாள் குடுக்கல, கையில குடுத்தது முழுக்க இங்கிலீஷ்.

அந்த நேரம் பாத்து தை மாசம், சொந்தத்துல கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த பெரியம்மா, "இவ்ளோ காசக் கொட்டி மூக்க வீங்க வெச்சுக்கிட்டு வந்திருக்கியேடி, முன்ன இருந்ததே லட்சணமா இருந்துச்சே"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. புள்ள பாதி இலையில எந்திரிச்சு போயிட்டா. அன்னிக்கு ராத்திரியே வேற இடத்துல மறுபடி பண்ணிக்கலாமான்னு போன்ல தேட ஆரம்பிச்சா, உடனே வாங்க பண்ணிடலாம்னு சொல்ற இடமும் இருக்கு, அதுதான் எனக்கு வயித்த கலக்குது. நல்ல சர்ஜன் யாரும் சாதாரணமா ஒரு வருஷம் ஆகாம ரெண்டாவது தடவ கை வெக்க மாட்டாங்க, வீங்கி இறுகிக் கிடக்கிற சதையில எது வீக்கம் எது மூக்குன்னே தெரியாது.

ஏன் இவ்ளோ நாள் ஆகுதுன்னு செக்கப்புக்கு கூடப் போனப்ப நானே டாக்டர்கிட்ட கேட்டேன். எலும்பு, குருத்தெலும்பு மேலேர்ந்து தோல பிரிச்சு எடுத்துதான் உள்ள வேல பாக்குறாங்க, அப்ப நிணநீர், அதாவது சதையில சேர்ற நீர், வடிஞ்சு ஓடுற நுண்ணிய குழாயெல்லாம் அறுபட்டுடுது. வடிகால் அடைபட்ட வயல்ல தண்ணி தேங்குற மாதிரி நீர் அங்கேயே நிக்கும், அந்தப் பாதை திரும்ப உண்டாக மாசக்கணக்கா ஆகும்னாரு. மேல்பக்கம் சீக்கிரம் வடியும், நுனிதான் கடைசி, அங்க தோல் தடிமன். ரெண்டு துவாரத்துக்கு நடுவுல கீறி திறந்து பண்ணினா இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி நாள். காலைல எந்திரிக்கும்போது வீங்கியும் சாயங்காலம் இறங்கியும் இருக்கும், அதனால காலைல எடுத்த செல்பிய வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது.

நம்ம பக்கத்து வீடுகளுக்குன்னு சில விஷயம் சொல்லணும். மாவடு, அப்பளம், நாகப்பட்டினம் கருவாடுன்னு உப்பு இல்லாம நமக்கு சோறு இறங்காது, ஆனா உப்பு ஏற ஏற உடம்புல நீர் தங்கும், முதல் சில வாரமாவது குறைக்கணும். பாயில சமமா படுக்காம தலைக்கு உசரம் வெச்சு மல்லாந்து படுக்கணும். ஐஸ் ஒத்தடம் முதல் ரெண்டு நாள், அதுவும் கன்னத்துலயும் கண்ணுகிட்டயும்தான், மூக்கு மேல அழுத்தக்கூடாது. மூக்கு சிந்தவே கூடாது, தும்மல் வந்தா வாயத் திறந்து தும்மணும். மூக்குக்கண்ணாடிய எப்ப போடலாம், மூக்குத்தி எப்ப குத்தலாம்னு டாக்டர கேக்காம செய்யாதீங்க. பாட்டிமாருங்க பாசத்துல சூடா மஞ்சப்பத்து போடுறது, வேப்பெண்ணெய் தடவி நீவி விடுறது வேணவே வேணாம், உணர்ச்சி இல்லாத தோல்ல சூடு பட்டா தெரியாம வெந்துடும். வீக்கம் குறையாம திடீர்னு ஏறினா, ரெண்டு பக்கமும் அடைச்சு வலி கூடினா, காய்ச்சல் வந்தா, தண்ணியா ஒழுகினா, அன்னிக்கே ஓடணும், காத்திருக்கக்கூடாது. தடிச்ச தோலுக்கு வீக்கம் வடிய நுனியில ஸ்டீராய்டு ஊசி போடுறாங்க, அதையும் அறுவை பண்ணின டாக்டர் பாத்து கொஞ்சமாத்தான் போடணும், அளவு மீறினா தோல் மெலிஞ்சு குழி விழுந்துடும்.

தங்கச்சி மறு ஆபரேஷன் நினைப்ப இப்போதைக்கு விட்டுட்டா, மேல்பக்கம் நல்லா வடிஞ்சிருக்கு, சிரிப்பும் பழையபடி வந்துடுச்சு, நுனி இன்னும் இறுக்கம்தான்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டுதான் சார். அந்த மாதிரி விளம்பரத்த வாங்கும்போது ரெண்டாவது போட்டோ எத்தனாவது மாசம் எடுத்ததுன்னு கீழ போடச் சொல்லுங்க. வீக்கம் எப்படி படிப்படியா வடியும்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன வெச்சு தமிழ்ல ஒரு அரைப் பக்கம் எழுத வைங்க, முகூர்த்த மாசம் வர்றதுக்கு முன்னாடி வந்தா நல்லது, கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது மூக்கு பண்ணிக்கப் போற பொண்ணுங்க படிப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்