நீ அனுப்பியது சுக்கான் கீரை இல்லை

கானாடுகாத்தான்

அன்புள்ள சிதம்பரம்,

சுக்கான் கீரை என்று செடியை வைத்து நீ அனுப்பிய உறை வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இரண்டாம் கட்டில் ஓடு மாற்றுகிறோம். ஆள் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. திட்டாதே. வீட்டில் எல்லோரும் சுகம். என் முட்டிவலியை நீ விசாரிக்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

சரி, உன் செடி. முற்றத்தில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். இலை சருகாகியிருந்தது. காய்கள் மட்டும் கொட்டி என் துண்டில் அப்பிக்கொண்டன; ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டியதாயிற்று. அதிலேயே பாதிச் சந்தேகம் தீர்ந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், விதையை மூடிய மூன்று மடலின் ஓரத்திலும் கொக்கி கொக்கியாக முள். சுக்கான் கீரைக்கு அது கிடையாது. அதன் காய் தாள் மாதிரி மெல்லிசாக, சிவப்பு நரம்போடி, ஊதின பை போல இருக்கும். இலையும் சின்னது. உன்னுடையது காய்ந்தபின்பும் சாண் நீளம்!

இரண்டும் ரூமெக்ஸ் என்ற ஒரே பேரினம்தான், பங்காளிகள். கணுவுக்குக் கணு வெங்காயச் சருகு போல ஒரு சவ்வு தண்டைச் சுற்றியிருக்கும், பார். உன் தோட்டத்தில் இருப்பது ரூமெக்ஸ் நேபாலென்சிஸ். இமயமலையிலும் உங்கள் நீலகிரியிலும் தானாக முளைப்பது. ஆணிவேரில் துண்டு மிஞ்சினாலும் திரும்ப வந்துவிடும். இதன் இன்னொரு பங்காளி ரூமெக்ஸ் கிறிஸ்பஸ் இன்னும் மோசம்: 1879-ல் அமெரிக்காவில் வில்லியம் பீல் என்பவர் புட்டியில் போட்டுப் புதைத்த விதை 80 வருடம் கழித்தும் முளைத்திருக்கிறது. பார்த்தீனியத்தைச் சாமந்தி என்று தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் கையில் இது சிக்கியிருக்கிறது. மீசை சார் இருந்திருந்தால் உன்னை வகுப்புக்கு வெளியேதான் நிறுத்தியிருப்பார்.

அது கிடக்கட்டும். மசியல் வைத்தேன், புளியே போடவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துத்தான் ஓட்டு வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன். அந்தப் புளிப்பு ஆக்சாலிக் அமிலம்; கால்சியத்தோடு சேர்ந்து கல்லாவது அதுதான். உனக்குச் சிறுநீரகக் கல் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கால்சியம் ஆக்சலேட் கல் என்று நீதானே ரிப்போர்ட்டைக் காட்டினாய்? இது வேண்டாம், சுக்கான் கீரையும் வேண்டாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டாக்டரிடம் மசியலையும் சேர்த்துச் சொல்.

அப்புறம், அடுத்த முறை அனுப்பினால் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்து அனுப்பு, வேரோடு. துண்டில் இன்னும் இரண்டு காய் பாக்கி.

உன்,
மெய்யப்பன்