கல்யாணக் கேசட்டும் டிவிடி மெனுவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘பழைய வீடியோ கேசட்டுகள் டிவிடியாக மாற்றித் தரப்படும்’ என்ற பலகையை இப்போதும் பல ஊர்களில் ஸ்டுடியோ வாசல்களில் காண்கிறோம். அங்கே கேசட்டைக் கொடுத்துத் தகட்டை வாங்கி வருபவர்களில் பலர் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், மறுமுறை எடுப்பதில்லை. மூன்று மணி நேரம் ஒரே ஓட்டமாக, எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஓடும் படத்தை இரண்டாம் தடவை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. கேசட்டைத் தகடாக மாற்றுவதில் படத்தைக் கணினிக்கு ஏற்றுவது பாதி வேலைதான். எந்தக் காட்சி எங்கே, அதில் இருப்பவர் யார் என்று காட்டும் மெனுவை அந்தக் குடும்பத்துக்கென்றே அமைப்பது மறுபாதி. அந்த மறுபாதியைக் கடைக்காரரிடம் விட்டுவிடாமல் வீட்டாரே முன்னின்று செய்யவேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து திருமண வீடியோ எடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். இப்போது உறவினர்களும் நண்பர்களும் கொண்டுவரும் கேசட்டுகளை மாற்றிக் கொடுத்து வருவதால் இரண்டு பக்கமும் ஓரளவு தெரியும்.

முதலில் இதன் அவசரத்தைச் சொல்லவேண்டும். 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, டிவியும் கேசட்டை ஓட்டும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடி விடிய விடியப் படம் பார்த்த காலம் வந்தது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களின் பெட்டிகளிலும் டெக் வந்து இறங்கியது. அதன் தொடர்ச்சியாக, வசதியுள்ள வீட்டுக் கல்யாணங்களில் தொடங்கிய ‘வீடியோ கவரேஜ்’ மெல்ல நடுத்தரக் குடும்பங்களுக்கும் பரவியது. அந்தத் தலைமுறையின் கல்யாணம், காதணி விழா, சீமந்தம், கோயில் குடமுழுக்கு எல்லாம் அரை அங்குல வி.எச்.எஸ். நாடாவில்தான் இருக்கின்றன. பாலியெஸ்டர் நாடாவின்மேல் காந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்காண்டு சிதைகிறது. உலகில் கடைசியாக டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாவில் இருப்பவற்றை 2025க்குள் மாற்றிவிடவேண்டும், அதற்குப் பின் ஓட்டிப் பார்க்கக் கருவியும் கிடைக்காது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைக்கமாட்டார் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் முன்பே எச்சரித்திருந்தது. அந்தக் கெடு வந்தேவிட்டது. நம் ஊர்களிலும் நல்ல நிலையில் ஓடும் டெக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

கடலோர மாவட்டங்களிலும் டெல்டாப் பகுதியிலும் இன்னொரு தொல்லை உண்டு. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால், அதை எக்காரணம் கொண்டும் டெக்கில் போடக்கூடாது. அது டெக்கில் நாடாவைப் படிக்கும் ‘ஹெட்’ என்ற பாகத்தைக் கெடுப்பதோடு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றிக்கொள்ளும்; விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்டவேண்டும். பூசணம் இல்லாத கேசட்டானாலும், பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தது என்றால் ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி மீண்டும் பின்னோக்கிச் சுற்றிய பிறகு பதிவு செய்வது நல்லது. கேசட்டின் முதுகுப் பக்கம் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்படாமல் இருந்தால் அதை உடைத்துவிடவேண்டும். பிறகு தவறி ‘ரெக்கார்ட்’ பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது.

இனி, கடைகளில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். நாடாவை விரைவாக ஓட்டிப் படியெடுக்க வழியில்லை; மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். குறைந்த கூலிக்கு வேலையை ஒப்புக்கொள்ளும் கடைகள் நேரத்தில் கைவைக்க முடியாததால் தரத்தில் கைவைக்கின்றன. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். அதில் இரண்டு மணி நேரப் படத்தை வைத்தால் ஒலியும் சேர்த்து ஒவ்வொரு விநாடிக்கும் சுமார் 5 மெகாபிட் இடம் கிடைக்கும். மூன்று மணி நேரக் கேசட் முழுவதையும் ஒரே தகட்டில் அடைத்தால் அது சுமார் 3.5 மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். புதிய, தெளிவான படமாக இருந்தால் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் பழைய நாடாவின் படத்தில் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும் புள்ளிகளே அந்த இடத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், ஆரத்தி சுற்றும்போதும் அட்சதை தூவும்போதும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. இரண்டு தகடாகக் கேட்டு வாங்குவதே இதற்கு நேரான வழி. ஒரே தகடுதான் வேண்டும் என்பவர்கள், டிவிடி விதிகளே அனுமதிக்கும் 352க்கு 576 புள்ளிகள் என்ற அரை அகல அளவில் பதியச் சொல்லலாம், வி.எச்.எஸ். நாடாவில் கிடைமட்டமாக இருப்பது ஏறத்தாழ 240 கோடு அளவு நுணுக்கம்தான் என்பதால் பெரிய இழப்பு இல்லை.

அதேபோல, நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய பால் (PAL) முறையில் விநாடிக்கு 25 படங்கள் 50 அரைப் படங்களாகப் பிரிந்து பதிவாகியிருக்கும். டிவிடி அந்த 50ஐயும் அப்படியே ஏற்கும். ஆனால் மலிவான யு.எஸ்.பி. கருவியை மாட்டி, கணினித் திரையில் கோடு தெரிகிறதே என்று அவற்றைக் கடைக்காரர் ஒன்றாக்கிவிடுவதால், நடனமும் நடையும் விட்டு விட்டு இழுப்பதுபோல ஆகிவிடுகின்றன. நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் எடுத்த படத்தைப் புதிய டிவியின் அகலத்துக்கு இழுத்துக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரையும் குண்டாக்கிவிடும் வழக்கத்தை என்னவென்று சொல்வது? கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினர்கள் அனுப்பிய கேசட்டுகள் அந்த நாடுகளுக்குரிய என்.டி.எஸ்.சி. முறையில் இருக்கும். சாதாரண பால் டெக்கில் அவை சரியாக ஓடாது. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரிந்தால் கேசட் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடவேண்டாம். இரண்டு முறைகளையும் ஓட்டும் டெக்கில் போட்டு, மாற்றாமல் என்.டி.எஸ்.சி. தகடாகவே எழுதுவது சிறந்தது.

மெனுவுக்கு வருவோம். கடையில் மெனு என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் மென்பொருளோடு வந்த ஒரு வார்ப்பு: ரோஜாப்பூ, பறக்கும் இதயங்கள், நடுவில் ‘பிளே’ என்று ஒரு பொத்தான். அறுபதாம் கல்யாணத்துக்கும் அதே இதயங்கள்தான் பறக்கின்றன. காட்சிப் பிரிப்பு என்று இருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக இயந்திரமே வெட்டியதாக இருக்கும்; மூன்றாம் முடிச்சு விழும் நேரத்தில் ஒரு பிரிவு முடிந்து அடுத்தது தொடங்கும். ஒரு தலைப்புக்குள் 99 பிரிவுகள் வரை வைக்க டிவிடி இடம் தருகிறது. நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், அம்மி மிதித்தல், நலங்கு, பந்தி, வரவேற்பு என்று நிகழ்ச்சியின் போக்கிலேயே பிரிப்பதற்கு அது தாராளமாகப் போதும்.

என் அனுபவத்தில் நிகழ்ச்சிப் பிரிவைவிட மக்கள் விரும்பிப் பார்ப்பது ஆட்களை வைத்துப் பிரித்த பக்கத்தைத்தான். மேடையேறி மொய் எழுதியவர்கள் வரிசை எந்தக் கல்யாண வீடியோவிலும் உண்டு. எடுத்த காலத்தில் அலுப்பாக இருந்த அந்தப் பகுதிதான் இன்று எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது. தாத்தா, சின்னப் பாட்டி, இலங்கையிலிருந்து வந்திருந்த மாமா, பக்கத்து வீட்டு வாத்தியார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான் வைத்து, அவர் திரையில் தோன்றும் நொடிக்கு நேராகக் கொண்டுபோய்விடலாம். ஒரு மெனுப் பக்கத்தில் 36 பொத்தான்கள் வரை வைக்க முடியும் என்றாலும் ஆறுக்கு மேல் வைத்தால் வயதானவர்களால் படிக்க முடியாது. பக்கங்களைக் கூட்டிக்கொள்வதே நல்லது. ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தினால் அடுத்து எந்தப் பொத்தானுக்குப் போகவேண்டும் என்பதையும், காட்சி முடிந்ததும் மறுபடி எந்த மெனுவுக்குத் திரும்பவேண்டும் என்பதையும் நாமேதான் வரையறுக்கவேண்டும். இதைச் செய்யாத தகடுகளில் பாட்டி ஒரு பொத்தானில் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் பேரனைக் கூப்பிடுவார்.

இங்கேதான் வீட்டாரின் பங்கு வருகிறது. திரையில் இருப்பவர் யார் என்று எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. வீட்டிலுள்ள இளையவர்களுக்கும் தெரியாது. வீட்டில் மூத்தவர்களாக இருக்கும் ஒருவருக்கோ இருவருக்கோதான் தெரியும். கேசட்டைக் கணினிக்கு ஏற்றிய கையோடு, அதை டிவியில் ஓடவிட்டு அவர்களை எதிரே உட்காரவைத்து, ஒரு நோட்டில் நேரத்தையும் பெயரையும் உறவுமுறையையும் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த நோட்டுதான் மெனுவின் மூலப்பிரதி. அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவும் செய்துகொண்டால் இன்னொரு வசதி உண்டு. ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்கலாம். முதல் தடத்தில் கேசட்டின் ஒலி இருக்கட்டும். இரண்டாம் தடத்தில் ‘இது யார், இவர் எந்த ஊர், அன்றைக்கு என்ன நடந்தது’ என்று பாட்டி சொல்லும் விளக்கத்தைச் சேர்த்து, எதைக் கேட்பது என்பதை மெனுவில் ஒரு பொத்தானாக வைக்கலாம். அந்தக் கால வீடியோக்களில் நாங்கள் மிக்ஸிங் செய்யும்போது நாதசுரத்தையும் பேச்சையும் நீக்கிவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பியிருப்போம். வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்டார்கள். குரல்கள் இல்லாமல்போன அந்தப் பகுதிகளுக்கு இந்த இரண்டாம் தடம் மிகவும் பொருந்தும். பெயர்களை மட்டும் சப்டைட்டிலாகவும் வைக்கலாம். வேண்டாதவர்கள் ரிமோட்டில் அணைத்துக்கொள்வார்கள், படத்தின்மேல் எழுத்து நிரந்தரமாகப் பதியாது.

தமிழில் மெனு எழுத முடியாது என்று சில கடைகளில் சொல்கிறார்கள். பழைய மென்பொருள்கள் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி விழும் என்பது உண்மைதான். ஆனால் டிவிடி மெனு என்பது முடிவில் ஒரு படமே; எழுத்துகளைத் தமிழ் சரியாக வரும் வேறொரு மென்பொருளில் எழுதி, 720க்கு 576 அளவில் படமாகச் சேமித்துப் பின்னணியாக வைத்து, அதன்மேல் பொத்தான்களுக்கு இடம் மட்டும் குறித்தால் போதும். டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே இதைச் செய்யலாம். எழுத்து தடித்ததாக இருக்கவேண்டும். மெல்லிய கோடுகள் பழைய குழாய் டிவிகளில் துடிக்கும். அந்த டிவிகள் படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் நான்கு பக்கமும் பத்தில் ஒரு பங்கை எழுத்தில்லாமல் விடவேண்டும். பொத்தான் தேர்வாவதைக் காட்டும் மேற்பூச்சுக்கு நான்கு நிறங்களே அனுமதி என்பதால் அதில் அலங்காரம் வேண்டாம்; பெயருக்கு அடியில் ஒரு மஞ்சள் கோடு போதும்.

டிவிடியே வழக்கொழிந்து வரும்போது இந்தப் பாடு எதற்கு, பென்டிரைவில் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், இன்று விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் தகடு போட இடமே இல்லை. ஆனால் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கும் கோப்புகள் எண் பெயர்களோடு கிடக்கின்றன. எது எது என்று யாருக்கும் தெரிவதில்லை. மெனுவோடு அமைத்த டிவிடியின் முழு வடிவத்தையும் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். தகடு இல்லாவிட்டாலும் அதைக் கணினியில் வி.எல்.சி. போன்ற மென்பொருளில் திறந்தால் மெனு, ஒலித்தடம், பெயர்கள் எல்லாம் அப்படியே வரும். ஆகவே கடையில் கொடுப்பவர்கள் தகட்டோடு அந்தக் கோப்பையும், சுருக்குவதற்கு முன்பு ஏற்றிய மூலக்கோப்பையும் தனி ஹார்டு டிஸ்கில் கேட்டு வாங்கவேண்டும். எழுதும் தகட்டிலுள்ள சாயப் பூச்சும் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது என்பதால், ஒரே தகட்டை நம்பியிருக்கக் கூடாது. எந்தக் கடையில் கொடுத்தாலும் கேசட்டைத் திரும்ப வாங்க மறக்கவேண்டாம். வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய நூல்களையும் சுவடிகளையும் மின்னுருவாக்கும் பணியைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்து வருகிறது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களும் உள்ளன. இவற்றில் ஒவ்வொன்றிலும் பழுது பார்த்த ஒரு டெக்கையும், ஏற்றுவதற்கு ஒரு கணினியையும் வைத்து, பொதுமக்கள் முன்பதிவு செய்து தங்கள் கேசட்டுகளைத் தாங்களே மாற்றிக்கொள்ள வழி செய்யலாம். இதற்கான செலவு பெரிதல்ல. டெக்கைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் சிலராவது இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து இளைஞர்கள் சிலருக்குப் பயிற்சி தரச் செய்தால், வீட்டுக் கேசட்டுகளோடு கோயில்கள், பள்ளிகள், நாடகக் குழுக்கள் வைத்திருக்கும் கேசட்டுகளையும் காப்பாற்றலாம். பொது நூலகத் துறை இதைப் பரிசீலிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் திருமண வீடியோ ஒளிப்பதிவாளர் ஒருவர்,
கும்பகோணம்.