மூத்தவளுக்கு கெமிஸ்ட்ரி வராதா?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். வீட்டு விஷயமெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். மூத்தவள் "கெமிஸ்ட்ரி கணக்கு எனக்கு வராது, வேறு குரூப்புக்கு மாறிக்கொள்கிறேன்" என்று சொல்வதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

நீ அனுப்பிய அவள் நோட்டுப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன். 25.0 மி.லி. எத்தனாலில் எத்தனை மூலக்கூறுகள் என்பதுதான் கேள்வி. அடர்த்தி மி.லி.க்கு 0.789 கிராம். 0.428 மோல் என்பது வரை அழகாக வந்துவிட்டாள் (மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணுவதற்கான ஒரு பெரிய தொகுப்பு). கடைசி வரியில், ஒரு மோலில் எத்தனை மூலக்கூறு என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணால் பெருக்குவதற்குப் பதிலாக வகுத்துவிட்டாள். விடை 7.11 × 10⁻²⁵. அதாவது அந்தத் திரவத்தில் முழுதாக ஒரு மூலக்கூறுகூட இல்லை!

பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன், ஓர் எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு கிடையாது. எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை. அளவீட்டுப் பாடத்தை 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று முதல் வாரத்திலேயே தள்ளிவிட்டு ஓடுகிறார்களே, அவர்கள்மேல்தான். அலகோடு எழுதிப் பார். 25.0 மி.லி.யை 0.789 கிராம்/மி.லி.யால் பெருக்கினால் மி.லி. அடிபட்டு 19.7 கிராம் மிஞ்சும். அதை ஒரு மோல் எத்தனாலின் எடையான 46.07 கிராம்/மோலால் வகுத்தால் கிராம் அடிபட்டு மோல் நிற்கும். மோல் ஒன்றுக்கு 6.022 × 10²³ மூலக்கூறு என்று எழுதிப் பெருக்கினால் மோலும் போய் 2.58 × 10²³ மூலக்கூறு. அதே இடத்தில் வகுத்தால், மோலின் வர்க்கத்தின் கீழே மூலக்கூறு என்று தலையும் காலும் புரியாத ஏதோ ஒன்று வரும். பெருக்கவா வகுக்கவா என்று மனப்பாடம் பண்ணவே வேண்டாம் மாப்ளே, அலகே சொல்லிவிடும்.

மதிப்பெண்ணோடு போகிற சங்கதியும் இல்லை இது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. வேண்டியிருந்தது 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77 என்று போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்கிற எண். கிலோவில் சுமார் 0.8தான். பக்கத்தில் அலகு இல்லாததால் யாருக்கும் உறுத்தவில்லை, தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிவிட்டார்கள். எஞ்சின் இரண்டும் நின்ற விமானத்தை ராபர்ட் பியர்சன் என்கிற விமானி கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் சறுக்கியபடியே இறக்கினார். அத்தனை பேரும் பிழைத்தது அவர் கைத்திறமையால். யோசித்துப் பார், அங்கே தவறிப்போனது வெறும் அடர்த்திக் கணக்கு. மூத்தவள் முதல் வரியிலேயே சரியாகப் போட்ட அதே கணக்கு!

அடுத்து லேப். நீயோ விடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ரீடிங்கை அதற்கேற்ப எழுதுகிற ஆள். 20.0, 20.0, 20.0! மூக்குப்பொடி சார் அந்த ரெக்கார்டு நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை ஞாபகம் இருக்கிறதா? தயவுசெய்து அந்த வித்தையை மட்டும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே. திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட் குழாயில் கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருக்கும். கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து, பிறைத்தளத்தின், அதாவது குழாயில் வளைந்து நிற்கும் திரவ மேற்பரப்பின், அடிப்பகுதி 24.3க்கும் 24.4க்கும் இடையே எங்கே நிற்கிறது என்று பார்த்து அடுத்த இலக்கத்தை அவளே மதிப்பிட வேண்டும். சரியாகக் கோட்டின் மேலேயே நின்றால் 24.30. அந்தச் சுழியம் சும்மா வந்ததில்லை, அந்த இலக்கம்வரை உற்றுப் பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சி அது. கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டுகிறதே என்று அப்படியே இறக்கி எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவி காட்டாத துல்லியத்தைக் கால்குலேட்டர் எங்கிருந்து கொண்டுவரும்?

0.428 மோல் வரை தானாகவே வந்தவளுக்கு கெமிஸ்ட்ரி வராது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினாறு வயதில் 'எனக்கு வராது' என்று ஒரு பிள்ளை தனக்குத்தானே முடிவு கட்டிக்கொண்டால் அதை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை எனக்கு போன் பண்ணச் சொல். கால்குலேட்டர் வேண்டாம், பென்சிலும் தாளும் போதும். விடை 10²³ஐ ஒட்டி வருமா, அதைவிட ரொம்பக் குறையுமா என்று முதலில் அவளையே ஊகிக்கச் சொல்லப்போகிறேன். குரூப் மாற்றும் விண்ணப்பம் அதுவரை உன் பையிலேயே இருக்கட்டும்.

என்றும் உன்
பெஞ்சுக்காரன்