புலி கிடைக்காதவர்களுக்குத்தான் பூனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கல்வி இணைப்பில் காட்டுயிர் உயிரியல் படிப்பு பற்றிய கட்டுரையை ஆசையோடு படிக்கத் தொடங்கினேன். 'புலி, யானை ஆய்வுகளில் வாய்ப்பு அமையாதவர்கள் காட்டுப்பூனை போன்ற சிறு விலங்குகளின் பக்கமும் போகலாம்' என்ற வரி வந்ததும் மனசு விட்டுப்போயிற்று.

புலிக் கணக்கெடுப்பில் இருந்த வேலையை நானாக விட்டுவிட்டுத்தான் பூனைகளிடம் வந்தேன். அங்கே தானியங்கிக் கேமராவில் துரும்பன் பூனை விழுந்தால், படத்தை 'மற்றவை' என்ற கோப்பில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். அந்தக் கோப்பை யாரும் திறந்து பார்த்ததில்லை. ஒன்றரைக் கிலோ எடையைத் தாண்டுவதே அபூர்வமான பூனை அது. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'மற்றவை'! பொறுக்க முடியாமல்தான் வந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் "பூனையிலே என்னம்மா ஆராய்ச்சி?" என்று சிரித்தார்கள். நிதி முடிந்தால் சம்பளமும் நின்றுபோகும் ஒப்பந்த வேலை என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பும் நின்றது. சரி, அவர்களுக்குத் தெரியாது. விவரம் தெரிந்த தங்கள் பத்திரிகையுமா இப்படி எழுத வேண்டும்?

வரப்பில் கிடக்கும் பூனை எச்சத்தை எடுத்து வந்து டீ வடிகட்டியில் அலசினால் ரோமமும் எலிப் பல்லும் தாடை எலும்பும் மிஞ்சும். அந்தப் பல்லை நுண்ணோக்கியில் வைத்து எந்த எலி என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. ராஜஸ்தானின் சாரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஆய்வாளர் ஷோமிதா முகர்ஜி குழுவினர் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை தின்கிறது என்று கணக்கிட்டார்கள். எலி மருந்துக்குச் செலவழிக்கும் விவசாயிக்கு இது சின்ன விஷயமா? ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2022-இல் மீன்பிடிப் பூனைகளைக் கணக்கெடுத்து 176 என்று அறிவித்தார்கள். சரணாலய எல்லைக்கு வெளியே, உள்ளூர் மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்த வேலை அது. வாய்ப்பு அமையாதவர்கள் பொழுதுபோக்காகச் செய்ததல்ல.

பழையதைக் கிளறுவதாக நினைக்க வேண்டாம். முன்பொரு முறை தங்கள் மாவட்டப் பக்கத்தில் 'கரும்புத் தோட்டத்தில் சிறுத்தைக் குட்டிகள்' என்று படத்தோடு செய்தி வந்தது. உடம்பில் சிறுத்தைக்குரிய புள்ளிகள் இல்லை, மணல் நிறம், காது நுனியில் கறுப்பு மயிர். பார்த்தாலே காட்டுப்பூனைக் குட்டிகள் என்று தெரியும். அன்றே தொலைபேசியில் சொன்னேன், "பார்க்கிறோம்" என்றார்கள். திருத்தம் வரவே இல்லை. அடுத்த சில நாளில் பக்கத்து ஊரில் கரும்பு வெட்டியவர்கள், கண்ணில் பட்ட காட்டுப்பூனைக் குட்டிகளையும் சிறுத்தைதான் என்று பயந்துபோய், உரச்சாக்கில் போட்டுக் கட்டி, மாட்டுப்பாலையும் புகட்டியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது மூன்றில் ஒன்றுக்குத்தான் உயிர் இருந்தது. அதுவும் விடியும்வரை தாங்கவில்லை. எடுத்த இடத்திலேயே விட்டிருந்தால் இருட்டியதும் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிருக்கும்.

டேராடூனையும் பெங்களூரையும் சொன்ன அந்தக் கட்டுரை, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் இதே படிப்பு இருப்பதை விட்டுவிட்டது. அங்கே படித்தவள் என்பதால் அதுவும் வலித்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அந்த ஒரு வரிக்கு மறுப்பு வெளியிடுங்கள், மன்னம்பந்தலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கரும்பு வெட்டு தொடங்குமுன் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டிச் செய்தி: குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள், அந்தப் பாத்தியை மட்டும் அன்றைக்கு வெட்டாமல் விடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். எட்டு வரி போதும். வாசகத்தையும் சரியான படத்தையும் நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சிறுபூனை ஆய்வாளர்,
ஈரோடு மாவட்டம்.